கோட்டை வாசலில் ஒரு தாய்மாமன் சீர்

1

சீர் கொண்டுவந்த தாய்மாமனை வாசலோடு நிறுத்திய குடும்பம் என்று ஊரில் இனி எங்களை யாரும் சொல்லலாம். சொல்லுங்கள், நான் மறுக்க மாட்டேன். ஆனால் நிறுத்தியது நானோ என் வீட்டுக்காரரோ இல்லை, ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு என்பதையும் கூடவே சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

நான் செந்துறைக்காரி, பெயர் செல்வி. வீட்டுக்காரர் முருகேசன், எறையூரில் கரும்பு போடுகிற வீட்டுப் பிள்ளை. நியூசிலாந்தில் ஹாமில்டன் என்கிற ஊரில் இருக்கிறோம். அவர் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். எனக்குப் பால் பவுடர் ஆலையில், பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரே பெண், மகிழ். கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினோம், இப்போது பதின்மூன்று வயது, என்னைவிட உயரம். பள்ளிக்கூடத்தில் அவளை மேக்கி என்று கூப்பிடுகிறார்கள். கேட்டால் ‘ழ’ வராதாம். அட, எங்கள் ஊரிலேயே பாதிப் பேருக்கு ‘ழ’ வராது, அதற்காக யாரும் பெயரை மாற்றவில்லையே!

தம்பி கலியபெருமாள் செந்துறையிலேயே இருக்கிறான். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. மகிழ் என்றால் அவனுக்கு உயிர். ஆனால் போனில் இருவரும் பேசுவதைக் கேட்டால் நமக்கே அழுகை வரும்.

“பாப்பா, சாப்ட்டியாம்மா?”

“ம்.”

“என்ன சாப்ட்ட?”

“ஃபுட்.”

அவ்வளவுதான். போன் என் கைக்கு வந்துவிடும். அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும். “படிப்பு ஜாஸ்திடா” என்று ஏதோ சொல்லிச் சமாளிப்பேன்.

ஒரு நாள் அவனே கேட்டான். “யக்கா, பாப்பா எப்பப் பாத்தாலும் கம்ப்யூட்டர்ல என்னமோ வெளாடுதுங்கிறியே, அது பேரு என்னன்னு கேட்டு அனுப்பேன்.” அனுப்பினேன். கோட்டை, குதிரை, பறக்கிற பாம்பு எல்லாம் வருகிற விளையாட்டு. உலகம் பூராவும் இருந்து ஆட்கள் வந்து, ஆளுக்கு ஒரு உருவம் எடுத்துக்கொண்டு, கூட்டம் சேர்ந்து சண்டைக்குப் போவார்கள். என் தம்பி அதை அவன் போனில் இறக்கிக்கொண்டான். ஒரு மாதம் யாரிடமும் மூச்சு விடாமல் பழகியிருக்கிறான். பிறகு ஒரு நாள் மகிழின் கோட்டை வாசலில் போய், மீசை வைத்த ஒரு வீரனாக நின்றிருக்கிறான்.

இங்கே மாலை நாலு மணி என்றால் செந்துறையில் காலை ஒன்பதரை. இவள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரமும், அவன் இரவு ஷிப்ட் முடித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற நேரமும் ஒன்று. அதிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் மாலையில் தமிழ் கேட்க ஆரம்பித்தது. என்ன தமிழ் என்கிறீர்கள்? “மாமா, பின்னாடி! பின்னாடி பாருங்க!” “வுடாத பாப்பா, காலப் பாத்து அடி!” “ஓடுங்க மாமா ஓடுங்க!” சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஐந்து வருஷம் சொல்லிக்கொடுத்தும் வராத வினைச்சொல்லெல்லாம் இரண்டே மாதத்தில் வந்துவிட்டன. என் மாமியார் எறையூரிலிருந்து பேசும்போது, “என்ன செல்வி, புள்ள அடி, வெட்டு, குத்துன்னு பேசுது?” என்று பயந்துபோனார். “தமிழ்ல பேசுதுல்ல, சந்தோசப்படுங்க அத்த” என்று சொல்லிவிட்டேன்.

2

அவள் விளையாட்டில் ஆண் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. காப்பி கொடுக்கப் போனபோது பார்க்கிறேன், தலை முதல் பாதம் வரை இரும்பு போர்த்திய ஒரு தடியன் நிற்கிறான். “இது யாருடி?” என்றேன். “இது நான்” என்றாள்.

“ஏன்டி, நல்ல பொம்பளப் புள்ளயா லட்சணமா ஒண்ணு எடுத்துக்கக் கூடாதா?”

என் மகள் நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம்விட்டாள். விளையாட்டின் கடைக்குப் போனாள். ஒரு கவசத்தைக் காட்டினாள். ஆண் உருவத்துக்கு மாட்டினால் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடியது. பிறகு அதே கவசத்தை, அதே பெயர், அதே விலை, பெண் உருவத்துக்கு மாட்டிக் காட்டினாள். அடக் கண்றாவியே! நெஞ்சுக்கு ஒரு தகடு, தோளுக்கு ஒரு தகடு, மிச்சமெல்லாம் வெறும் உடம்பு. வயிற்றில் ஒரு பொட்டு இரும்பு இல்லை. பனிமலையில் சண்டையாம், இந்தக் கோலத்தில் போக வேண்டுமாம்.

“ரெண்டும் ஒரே கவசம், அம்மா” என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். “எனக்கு முழுசாக இருப்பது வேண்டும். அதற்கு ஆணாக இருந்தால்தான் முடியும்.”

“பொம்பளக்கி அந்த ஆம்பள கவசத்த மாட்ட முடியாதா?”

“முடியாது. பூட்டு போட்டிருக்கிறார்கள்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் காப்பியை நானே குடித்துவிட்டேன். எந்தப் புண்ணியவான் இதற்கெல்லாம் உட்கார்ந்து சட்டம் போட்டான்? செந்துறையில் என் அம்மா முந்திரி பொறுக்கப் போகும்போது சேலைமேல் அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போவார். முந்திரிப்பால் பட்டால் தோல் வெந்துவிடும். இன்றைக்கும் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களைப் பாருங்கள், ஆளுக்கு ஒரு ஆண்பிள்ளைச் சட்டை. எவனாவது வந்து இது ஆம்பளைச் சட்டை, கழற்று என்று சொன்னதுண்டா? சொன்னால் கையில் மண்வெட்டி இருக்கிறது, அவனுக்கே தெரியும்.

மகிழிடம் இதைச் சொன்னேன். “பாட்டி வாஸ் ஸ்மார்ட்” என்றாள். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு அவளாகவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு மனசு நிறைந்திருந்தது.

3

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை மகிழ் பெரியவளானாள். அவளுக்குப் பதற்றமே இல்லை, பள்ளிக்கூடத்தில் எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனக்குத்தான் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எங்கள் ஊரில் எந்தத் தாயும் என்ன செய்வாளோ அதைத்தான் நானும் செய்தேன். முதல் போன் தாய்மாமனுக்குப் போட்டேன்.

“யக்கா! நெசமாவா?” என்று கத்தினான். அப்புறம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “நான் அங்க இல்லியேக்கா. குச்சு யாரு கட்டறது? தண்ணி யாரு ஊத்தறது? மேளம் கட்டி, தெரு அடைக்கத் தட்டு தூக்கிக்கிட்டு வரணும்னு இது பொறந்த அன்னிக்கே நெனச்சு வச்சிருந்தேனே.”

பச்சை ஓலையில் குச்சு கட்டுவதும் முதல் பட்டுச் சேலை எடுத்துவருவதும் தாய்மாமன் உரிமை. அதைப் போய் ஹாமில்டனில் யார் செய்வது? மகிழிடம் சின்னதாக ஒரு விசேஷம் வைக்கலாமா, நாலு தமிழ்க் குடும்பத்தைக் கூப்பிடலாமா என்று மெதுவாகக் கேட்டேன். “நோ ஆன்ட்டீஸ், நோ போட்டோஸ்” என்று கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டுக்காரரும் அவள் பக்கம். “வேணாங்குதுல்ல, வுடேன் செல்வி” என்றார். விட்டேன். எனக்கு வருத்தம்தான், ஆனாலும் விட்டேன்.

கலியன் விடவில்லை. அந்த விளையாட்டில் அப்போது ஏதோ திருவிழாக் கடை போட்டிருந்தார்கள், ஒவ்வொரு நாட்டு உடையாக வந்தது. அதில் ஒரு பட்டுச் சேலையும் வந்திருக்கிறது. அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை. சாமானியமாகக் கிடைக்காது, பெரிய பெரிய பாம்பையெல்லாம் அடித்துப் பவுன் சேர்க்க வேண்டும். என் தம்பி தூக்கத்தை விட்டு அடித்தான். ஷிப்டில் கூட வேலை பார்க்கிற இரண்டு பேரையும் இழுத்துவிட்டு, “மருமவளுக்குச் சீரு செய்யணும்டா” என்று அவர்களையும் பாம்பு அடிக்க வைத்தான். எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது.

ஒரு நாள் மாலை, கூட்டம் பூராவும் கோட்டை வாசலில் சேர்ந்திருக்கிற நேரம். மகிழின் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர், முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்கள் பத்துப் பேர். நான் கரண்டியோடு அவள் அறை வாசலில் நின்றேன். திரையில் வாணவேடிக்கை வெடித்தது. மீசைக்கார வீரன் நடுவில் வந்து நின்றான். எல்லோரும் படிக்கிற இடத்தில் ஆங்கிலத்தில் எழுதினான்: என் அக்கா மகள் பெரிய பெண் ஆகிவிட்டாள், மாமன் கொண்டுவந்த பட்டு, எல்லோரும் ஆசீர்வாதம் செய்யுங்கள்.

பெட்டி திறந்தது. மகிழின் இரும்பு வீரன்மேல் ஒரு சிவப்புக் குறுக்குக் கோடு விழுந்தது. கூடவே ஒரு வரி: இந்த உடையைப் பெண் உருவங்கள் மட்டுமே அணிய முடியும்.

 சிரிப்பு, சிரிக்கிற முகங்களாக வந்து கொட்டியது. பெரிய பெண்ணா, யார், மேக்கியா? நீ பெண்ணா? வீரருக்குச் சேலையா? வகுப்புப் பையன் ஒருவன் அதைப் படம்பிடித்து அங்கேயே போட்டான். கலியனுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஊரே கூடி வாழ்த்துகிறது என்று நினைத்து, எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தான்.

மகிழ் கம்ப்யூட்டரை அணைத்தாள். அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“நீதானே சொன்னாய்?”

“அவரு உன் தாய்மாமன்டி. அவருட்ட சொல்லாம யாருட்ட சொல்றது?”

“அது என் விஷயம். உன்னுடையது இல்லை. அவருடையதும் இல்லை.”

 

4

அதோடு விளையாட்டு நின்றது. மாலை நாலு மணிக்கு வீடு அமைதியாக இருந்தது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ வரைந்தாள். கலியன் தினமும் போன் செய்தான்.

“பாப்பா இன்னிக்கும் வல்லியாக்கா? அதும் பேருக்குப் பக்கத்துல பச்சப் புள்ளி எரியலியே.”

ஒரு நாள் அவன் மனைவி அமுதா போனை வாங்கிப் பேசினாள். “அண்ணி, வேலவுட்டு வந்தா பல்லு கூட வெளக்காம அந்த போனயே பாத்துக்கிட்டு கெடக்குங்க இது. நான் என்ன சொல்லட்டும்?”

எனக்குப் பயம் வந்துவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன். இங்கே எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், ஊருக்குப் போனால் விமான நிலையத்தில் சொந்தக்காரர்களுக்கு “ஹாய்” சொல்லிவிட்டுப் போனுக்குள் தலையை விட்டுக்கொள்வார்கள். என் மகள் அப்படி ஆகாமல் இழுத்துப் பிடித்திருந்தது அந்த ஒரு கயிறுதான். நானோ, அவள் அப்பாவோ, தமிழ் வகுப்போ இல்லை, அந்தக் கலியபெருமாள்தான். அது அறுந்தால் அவளுக்கு ஊர் என்று ஒன்று இருக்காது. டிசம்பரில் போகலாம் என்று டிக்கெட் வேறு போட்டிருந்தோம்.

யோசித்துப் பார்த்தேன். கோபம் மாமன் மேல், என் மேல் எல்லாம் சரி. ஆனால் சேலையை வாங்க விடாமல் தடுத்தவன் எவன்? அவனை ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். விளையாட்டுக் கம்பெனிக்கு மனு எழுதினேன். அரியலூர் கலெக்டர் ஆபீசுக்கு அப்பாவுக்காக எழுதிப் பழகிய கை. அனுப்புநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா, மேற்படி விளையாட்டில் என் மகளுக்கு அவளது தாய்மாமன் அளித்த சேலையானது என்று அப்படியே ஆங்கிலத்தில் தட்டினேன்.

பின்னால் யாரோ மூச்சுவிடுவது கேட்டது. மகிழ் படித்துக்கொண்டிருந்தாள்.

“ரெஸ்பெக்டட் சர் என்று யாரும் எழுத மாட்டார்கள், அம்மா.”

“நீ எழுதேன் பாப்போம்.”

உட்கார்ந்தாள். என் மனுவை நாலே வரியாக்கினாள். சேலையைப் பற்றி ஒரு வரி, மிச்சம் மூன்று வரியும் கவசத்தைப் பற்றி. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் உடுத்தட்டும், இல்லையென்றால் பெண்களுக்கும் வயிற்றில் ஒரு தகடாவது வையுங்கள் என்று எழுதினாள். ஆதாரம் ஏதாவது இணைக்கலாமா என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று அந்தப் போட்டோ ஞாபகம் வந்தது.

கலியனுக்கு மூன்று வயதில் குலதெய்வம் கோயிலில் மொட்டை போடுவதாக வேண்டுதல். அதுவரை வெட்டாத முடி இடுப்பைத் தொடும். மொட்டைக்கு முன்னால் ஆண் பிள்ளைக்குப் பெண் அலங்காரம் பண்ணிப் படம் எடுப்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. என்னுடைய பட்டுப் பாவாடையை அவனுக்குக் கட்டி, சடை பின்னிப் பூத் தைத்து, நெற்றிச்சுட்டி வைத்து, அரியலூர் ஸ்டுடியோவில் நிற்க வைத்தார்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் ரோஜா. பாவாடை போச்சே என்று அழுத என் முகமும் ஓரத்தில் இருக்கும்.

போட்டோவை எடுத்துக் காட்டினேன். மகிழ் பார்த்தாள். “இது யார்?”

“உன் மாமா.”

“மாமாவா!” என்று அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அத்தனை நாள் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்டு அடுப்படியிலிருந்து அவள் அப்பா ஓடிவந்தார். “யாரும் ஒன்றும் சொல்லவில்லையா?” என்று கேட்டாள். “என்னத்தச் சொல்றது? திருஷ்டி கழிச்சாங்க” என்றேன். படத்தை மனுவோடு இணைத்தாள். ஆனால் மாமாவிடம் பேசு என்றால் மட்டும் முகம் மூடிக்கொண்டது.

பதில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி, எங்களுக்கு நீங்கள் முக்கியம், உடைகள் உருவத்தின் பாலினத்துக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டவை. தாங்கள் அந்தச் சேலையை அணிய விரும்பினால், தற்போதைய உருவத்தை அழித்துவிட்டுப் பெண்ணாகப் புதிதாகத் தொடங்கலாம். பரிசைத் திருப்பித் தர இயலாது. கீழே ஒரு சிரித்த முகம் வேறு.

அதே வாரத்தில் அமுதா நிஜமாகவே ஒரு பார்சல் அனுப்பியிருந்தாள். நிஜப் பட்டுச் சேலை, விரலி மஞ்சள், தேங்காய், வெற்றிலை, ஒரு முழம் பூ. அது எங்கே வரும்? இந்த நாட்டு எல்லையில் ஒரு கறிவேப்பிலைக்குக்கூட விசாரணை உண்டு. செடிகொடி சம்பந்தப்பட்ட பொருள் பிடிபட்டது, அழிக்கட்டுமா, உங்கள் செலவில் திருப்பி அனுப்பட்டுமா என்று கடிதம். சீர்த் தேங்காயை அழியுங்கள் என்று நான் எப்படி எழுதுவேன்? வீட்டுக்காரர்தான் எழுதினார். சேலை மட்டும் வந்து சேர்ந்தது. மகிழ் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு பீரோவில் வைத்தாள். கட்டவில்லை.

5

அன்றைக்கு எல்லோரும் சிரித்ததையும், மகிழ் கவசத்தைப் பற்றிச் சொன்னதையும், கம்பெனி பதிலையும் கலியனுக்குச் சொன்னேன். அவன் உடனே, “அவ்ளோதானா? அந்த ஆள அழிச்சிட்டுப் பொண்ணா வரச் சொல்லேன்க்கா. அது சேல கட்டினத ஒரு தடவ பாத்துட்டேன்னா நானும் நிம்மதியா இருப்பேன். வெளாட்டு தான, என்ன வந்துச்சு?” என்றான்.

மகிழிடம் சொன்னேன். அவள் வரைந்துகொண்டே, “மாமா செய்வாரா? அவருடைய ஆளை அழிப்பாரா? கேள்” என்றாள்.

கேட்டேன். தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஏன் மாட்டேன்? நான் மூணு வயசுலயே பாவாட கட்டின ஆளு! நான் செஞ்சு காமிக்கிறேன், பாத்துட்டுப் பாப்பா தன்னால வரும்” என்றான். ஒரு கணக்குக்கு ஒரு உருவம்தான், அழித்தால் அழித்ததுதான், மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும் என்று நான் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. அத்தனை பாம்பு அடித்து வளர்த்த மீசைக்காரனை ஒரே அமுக்கில் அழித்தான்.

அதற்கப்புறம் மூன்று நாள் போனே இல்லை. நாலாம் நாள் வந்தது. நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். மகிழ் மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

“யக்கா.” குரல் இறங்கியிருந்தது.

“என்னடா, ஒடம்பு சரியில்லியா?”

“அதெல்லாம் இல்ல. பாப்பா சொன்னது சரிதான்க்கா.”

“என்ன சரி?”

“அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமே குடுக்கலக்கா அவனுவோ. ஒடம்புல துணியே இல்ல. நம்ம ஆலையில பொம்பளயாளுவோ வந்தாலும் ஹெல்மெட்டு, பூட்ஸு, கோட்டு எல்லாம் ஆம்பளைக்கு என்னவோ அதுதான். அது இல்லாம கேட்டத் தாண்டவே வுட மாட்டான். இங்க என்னன்னா சண்டைக்குப் போற பொண்ண ஒரு தகடு இல்லாம அனுப்புறான். நான் எப்புடி அத வச்சுக்கிட்டு வெளிய போவேன்? அமுதா பாத்துட்டு, என்னங்க இதுன்னு மூஞ்சத் திருப்பிக்கிட்டா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“அது கூடப் பரவால்லக்கா. எவனோ ஒருத்தன் பின்னாடியே வரான். ரோசாப்பூ குடுக்கறான். வேணாண்டாங்கறேன், டான்ஸ் ஆடச் சொல்றான். டேய் நான் கலியபெருமாள்டா, சிமெண்ட் பேக்டரிடான்னு வாயத் தொறந்து கத்துறேன், சிரிச்சிட்டு இன்னும் ரெண்டு பேரக் கூட்டிட்டு வரான். மூணு நாளா கோட்ட வாசலத் தாண்டி ஒரு எடத்துக்குப் போவ முடியலக்கா. செவுத்தோரமா நிக்கிறேன்.”

மகிழின் பேனா நின்றிருந்தது.

“பாப்பாட்ட சொல்லிடுக்கா. அது ஆம்பளயாவே இருக்கட்டும். சேல வேணாம், ஒண்ணும் வேணாம். ஊர்க்காரன் முன்னாடி எழுதினதும் தப்புதான். மாமா கேட்டுக்கிட்டேன்னு சொல்லு.”

“டேய், பழைய ஆள எடுத்துக்கயேன்.”

“அவன் போயிட்டான்க்கா. அழிச்சாச்சு. இனிமே இவதான். வச்சிடறேன், கோட்ட வாசல்ல போயி நிக்கிறேன்.”

மகிழ் எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

6

கையில் மாவோடு பின்னாலேயே போய் நின்றேன். அத்தனை நாளாக அணைந்திருந்த கம்ப்யூட்டர் திறந்தது. இரும்பு வீரன் எழுந்தான். கோட்டை, பாலம், வாசல். செவுத்தோரமாக ஒரு பெண் நின்றிருந்தாள், சொன்னதைவிட மோசமான கோலத்தில். நடக்கத் தெரியாதவள் போல இரண்டு அடி முன்னே வருவதும் பின்னே போவதுமாக இருந்தாள். சுற்றி மூன்று பேர், ஒருவன் கையில் ரோஜா.

மகிழ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவள் எதிரில் நின்றாள். மைக்கைத் திருப்பிவிட்டாள்.

“மாமா.”

போனை அவன் கீழே போட்ட சத்தம் கேட்டது. “பாப்பா? பாப்பா, நீயா? ஏ அமுதா, பாப்பா வந்துட்டுது!”

“மாமா, குளிருதா?”

“இல்லம்மா. மாமாவுக்கு என்ன குளிரு.”

அவள் கடைக்குப் போனாள். கவசங்களைத் தாண்டினாள், சட்டைகளைத் தாண்டினாள், எல்லாவற்றிலும் ஆணுக்கு, பெண்ணுக்கு என்று பூட்டு இருந்தது. கடைசி வரிசையில் ஒரு போர்வை இருந்தது, தோளிலிருந்து கால்வரை விழுகிற கனத்த பழுப்புப் போர்வை. அதன் கீழே, எல்லா உருவங்களும் அணியலாம் என்று எழுதியிருந்தது. ரொம்ப உயர்ந்த சாமான். அவள் வெகுநாளாகச் சேர்த்து வைத்திருந்த பவுனெல்லாம் போய்விட்டது. வாங்கினாள்.

இரும்பு வீரன் குனிந்து பெட்டியைக் கொடுத்தான். சிவப்புக் கோடு விழவில்லை. போர்வை அந்தப் பெண்ணின் தோளில் விழுந்து உடம்பு பூராவும் மூடியது.

அந்தப் பக்கம் தெருவில் பஸ் போகிற இரைச்சல் மட்டும் வந்தது, அரியலூர் பஸ்ஸாகத்தான் இருக்கும். அப்புறம் என் தம்பியின் குரல் வந்தது.

“சீரு மாமந்தான் செய்யணும் பாப்பா.”

“பரவால்ல மாமா. போத்திக்கோங்க.”

ரோஜாக்காரன் மறுபடி நெருங்கினான். இரும்பு வீரன் திரும்பி நின்றான், அவ்வளவுதான், வாளைக்கூட எடுக்கவில்லை. அவன் பின்வாங்கினான்.

“அவனுவோ மறுபடி வருவானுவோ பாப்பா.”

“வரட்டும் மாமா” என்றாள் என் மகள், சுத்தச் செந்துறைத் தமிழில். “நான் இருக்கேன்ல.”